ஒரு கணினி, நான்கு கணக்கு: பூட்டு எதைக் காக்கிறது?

2015 ஜனவரியில் லினக்ஸ் பயனர் ஒருவர் தன் கணினியில் சின்ன இடமாற்றம் ஒன்றைச் செய்தார். ஸ்டீம் என்ற வீடியோ கேம் மென்பொருள் இருந்த கோப்புறையை இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்தினார். பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஓர் இணைப்பைப் போட்டுவைத்தார். பிறகு ஸ்டீமைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. சற்று நேரத்தில் அவருடைய கோப்புகள் ஒன்றுவிடாமல் அழிந்திருந்தன. பேக்கப்புக்கென்றே செருகி வைத்திருந்த வெளி டிஸ்க்கும் காலி.

வைரஸ் எதுவும் இல்லை. யாரும் திருட்டுத்தனமாக உள்ளே நுழையவும் இல்லை. ஸ்டீமைத் தொடங்கிவைக்கும் நிரலில் ஒரு வரி இருந்தது: ஸ்டீம் இருக்கும் கோப்புறையின் பெயரை எடுத்துக்கொள், அதற்குள் இருப்பதையெல்லாம் அழித்துவிடு என்று. கோப்புறை இடம் மாறியிருந்ததால் நிரலுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகி, ஒரு சாய்கோடு மட்டும் மிஞ்சியது. லினக்ஸில் அந்தச் சாய்கோட்டுக்கு மொத்தக் கணினியும் என்று பொருள். எழுதியவருக்கே உள்ளூர அச்சம் இருந்திருக்கிறது; 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒற்றைச் சொல் குறிப்பொன்றை அந்த வரியை ஒட்டி எழுதி வைத்திருந்தார். விஷயம் வெளியே வந்ததும் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் பிழையைத் திருத்தியது.

ஆனால், எல்லாவற்றையும் அழி என்று கட்டளை போன பிறகும் கணினி சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இயங்குதளத்தின் கோப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஸ்டீம் ஓடியது ஒரு சாதாரணப் பயனரின் பெயரில். இயங்குதளக் கோப்புகளோ ரூட் எனப்படும் தலைமைப் பயனருக்குச் சொந்தம். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக்கூடாது என்ற விதியைக் கணினி ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது. விளைவு என்ன? இணையத்திலிருந்து இலவசமாக இறக்கி அரை மணி நேரத்தில் திரும்ப நிறுவிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் தப்பியது. வேறெங்கும் கிடைக்காத சொந்தக் கோப்புகள் போயின.

வீட்டுக் கணினியில் பலபயனர் பாதுகாப்பு தரும் நன்மை, அதன் எல்லை இரண்டுமே இந்த ஒரு சம்பவத்தில் இருக்கின்றன. இந்த ஏற்பாடு யாரிடமிருந்து யாரைக் காக்க உருவானது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ இருந்த, அறை நிறைந்த பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவும் ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை உருவாக்கி 1961-இல் இயக்கிக் காட்டினார்கள். சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். ஆளுக்கு ஒரு டெர்மினல், ஆளுக்குக் கொஞ்சம் கணினி நேரம், ஆளுக்கென்று தனிக் கோப்புகள். யார் கோப்பு யாருடையது என்று பிரிக்க வேண்டிவந்தபோது கடவுச்சொல் வந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் பல குடித்தனங்கள் இருந்தால் வீட்டுக்கு ஒரு பூட்டு வேண்டும் அல்லவா, அதே தேவைதான்.

அந்தப் பூட்டு உடைபடவும் நாளாகவில்லை. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் வேலைக்கு அது போதவில்லை. 1962-இல் ஒரு துளை அட்டையில் கோரிக்கை எழுதிப்போட்டு, எல்லாருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சடித்து வாங்கிக்கொண்டார். 1966-இல் நடந்தது இன்னும் பெரிது. நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்று தினசரி வரவேற்புச் செய்தி, மற்றொன்று கடவுச்சொல் பட்டியல். தற்காலிகக் கோப்பின் பெயர் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்ததால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துகொண்டது. அன்று உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் டெர்மினலிலும் எல்லாருடைய கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது. பிற்காலத்தில் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் கார்பட்டோவே இதை விவரித்தார்.

இந்த மரபில் அடுத்து வந்தது யூனிக்ஸ். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-இல் தொடங்கிய இயங்குதளம் அது. இன்றைய லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. யூனிக்ஸின் பாதுகாப்பு விதி வியக்கத்தக்க அளவு எளிது. ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண், ரூட்டுக்கு 0. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர், ஒரு குழு. சொந்தக்காரர், குழுவினர், மற்றவர்கள் என்ற மூன்று தரப்புக்கும் படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்ற மூன்று கேள்விகள். மொத்தம் ஒன்பது ஆம்–இல்லை பதில்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி இதை மூன்று இலக்கமாக எழுதுவார்கள். ஒரு கோப்பின் மேல் 640 என்றிருந்தால் சொந்தக்காரர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. 600 என்றால் சொந்தக்காரரையும் ரூட்டையும் தவிர வேறு யாருக்கும் இடமில்லை.

இந்தக் கணக்கில் நிரலுக்கென்று தனி அடையாளம் இல்லை என்பதுதான் முக்கியம். பொதுவாக ஒரு நிரலை யார் இயக்கினாரோ அவருடைய எண்ணையே அது ஏற்றுக்கொள்கிறது. அவர் தொடக்கூடியதையெல்லாம் அதுவும் தொடலாம். பல்கலைக்கழகத்தில் இது நியாயமான ஏற்பாடு. அங்கே நிரல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் பயனர்களே. பக்கத்து டெர்மினலில் இருப்பவரிடமிருந்து காத்துக்கொண்டால் போதும்; தான் எழுதிய நிரலே தன்னைத் திருடும் என்று யார் நினைப்பார்கள்?

வீட்டுக்கு வந்த கணினியில் இந்தச் சின்ன ஏற்பாடுகூட இல்லை. 1981-இல் ஐ.பி.எம். விற்பனைக்குக் கொண்டுவந்த பெர்சனல் கம்ப்யூட்டரில் ஓடிய டாஸ் இயங்குதளத்துக்குப் பயனர் என்ற கருத்தே தெரியாது. எந்த நிரலும் எதையும் அழிக்கலாம். விண்டோஸ் 95, 98 இரண்டும் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். எஸ்கேப் பட்டனை அழுத்தினால் பேசாமல் உள்ளே விட்டுவிடும். உண்மையான பயனர் பிரிவினை இருந்த விண்டோஸ் என்.டி. 1993-லேயே வந்துவிட்டது, ஆனால் அலுவலகங்களோடு நின்றது. 2001-இல் வந்த எக்ஸ்பி அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. கொண்டுவந்து, வீட்டுக்காரர் முதலில் உருவாக்கும் கணக்குகளை எல்லாம் முழு அதிகாரம் கொண்ட அட்மின் கணக்குகளாகவே வைத்தது. கடவுச்சொல்லும் கட்டாயம் இல்லை. பழைய மென்பொருட்கள் பல அட்மின் உரிமை இல்லாமல் ஓட மறுத்ததால் அப்படி ஒரு சமரசம். அந்தச் சமரசத்துக்கு உலகம் பல ஆண்டுகள் விலை கொடுத்தது.

2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது, 60 விநாடியில் கணினி அணைந்துவிடும் என்று எண்ணிக்கொண்டே இறங்கும் பெட்டியை அப்போது எக்ஸ்பி வைத்திருந்த பலர் பார்த்திருப்பார்கள். கணக்கு அட்மினாக இல்லாமல் சாதாரணக் கணக்காக இருந்திருந்தாலும் பிளாஸ்டர் நுழைந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அது தாக்கியது விண்டோஸின் அடித்தளச் சேவை ஒன்றை. அந்தச் சேவை எந்த வீட்டுக்காரரின் பெயரிலும் ஓடவில்லை, சிஸ்டம் என்ற உச்ச அதிகாரத்தில் ஓடியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள்.

2007-இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாதான் போக்கை மாற்றியது. அட்மினாக நுழைந்தாலும் அன்றாட வேலைகளுக்குக் குறைந்த அதிகாரமே தந்தது. கணினியையே மாற்றும் வேலை வரும்போது திரையை இருட்டாக்கி அனுமதி கேட்டது. திரை இருட்டாவது அழகுக்காக இல்லை. அந்தக் கணத்தில் வேறொரு திரை திறக்கிறது. பின்னால் ஓடும் மற்ற நிரல்கள் அந்த 'யெஸ்' பட்டனைத் தாங்களே அழுத்திவிட முடியாது. இருந்தும், அனுமதி கேட்கும் இந்த ஏற்பாட்டைத் தாண்ட முடியாத எல்லைச்சுவராகத் தாம் கருதவில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவந்திருக்கிறது. உறுதியான எல்லை, அட்மின் அல்லாத தனிக் கணக்கு ஒன்றில்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியே பல வீடுகளுக்குள் முதல் கணினி நுழைந்தது. பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு வந்த மடிக்கணினியில் தம்பி விளையாடுவான், அப்பா மின்கட்டணம் கட்டுவார், அம்மா சுயஉதவிக்குழுக் கணக்கை எழுதுவார். எல்லாருக்கும் ஒரே கணக்கு, அதுவும் அட்மின். சொந்தக் காசில் வாங்கிய கணினிகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான். விண்டோஸில் முதலில் உருவாகும் கணக்கு இன்றைக்கும் அட்மினாகவே பிறக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டில் ஆளுக்கொரு சாதாரணக் கணக்கைப் பிரித்துக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? நிறையவே கிடைக்கும். தம்பி ஏதோ ஒரு தளத்திலிருந்து விளையாட்டு என்று நினைத்து எதையோ இறக்கி இயக்குகிறான் என்று வையுங்கள். அட்மின் கணக்கில் வெறும் 'யெஸ்' பட்டன் வரும். எந்தப் பிள்ளையும் அதை யோசிக்காமல் அழுத்தும். சாதாரணக் கணக்கில் அதே பெட்டி அட்மினின் கடவுச்சொல்லைக் கேட்கும். பையன் எழுந்து அக்காவையோ அப்பாவையோ கூப்பிட வேண்டும். இன்னொருவர் கண் அந்தத் திரையில் விழுகிறதே, அந்த அரை நிமிடம் விலைமதிப்பில்லாதது.

கடவுச்சொல் கேட்காமலே ஓடும் கெட்ட நிரல்களும் உண்டு. அவை சாதாரணக் கணக்கில் மாட்டிக்கொண்டால் ஆன்டிவைரஸை நிறுத்த முடியாது, இயங்குதளத்தின் அடிமட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது, மற்றவர்களின் கோப்புகளைத் தொட முடியாது. கணினி பாதிக்கப்பட்டதா என்று பார்க்க அட்மின் கணக்கில் நுழைந்தால் அங்கே பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்; அங்கிருந்தபடி துப்புரவு செய்யலாம். விண்டோஸ் தானே எடுத்து வைத்திருக்கும் பழைய நகல்களை அழித்துவிட்டுத்தான், கோப்புகளைப் பூட்டிவைக்கும் பல ரான்சம்வேர்கள் பணம் கேட்கும். அந்த நகல்களை அழிக்க அட்மின் உரிமை வேண்டும். அது கிடைக்காதபோது இழந்த கோப்புகளை மீட்க ஒரு வழி மிஞ்சுகிறது.

அந்தரங்கமும் கிடைக்கும், ஓரளவு. அக்காவின் உலாவி வரலாறு தம்பிக்குத் தெரியாது; அப்பாவின் வங்கிக் கணக்கு திறந்தே கிடக்காது. ஓரளவு என்று சொல்லக் காரணம் உண்டு. உபுண்டு லினக்ஸில் 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்புக்கு முன்பு வரை ஒருவருடைய ஹோம் கோப்புறையின் இயல்பு எண் 755. அதாவது அதே கணினியின் மற்றப் பயனர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். அதன் பிறகே 750 ஆனது. தனிக் கணக்கு இருப்பதாலேயே மறைவு இருக்கிறது என்று நம்பிய குடும்பங்கள் எத்தனையோ.

இனி, இந்தப் பூட்டு காக்காதவை.

2013 செப்டம்பரில் கிரிப்டோலாக்கர் கிளம்பியது. மின்னஞ்சலில் பி.டி.எஃப். போல் வேடமிட்டு வரும் ஒரு நிரல். திறந்தவரின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே குடியேறி, அவர் எழுதக்கூடிய ஆவணங்களையும் படங்களையும் ஒவ்வொன்றாகச் சங்கேதமாக மாற்றி, 72 மணி நேரத்துக்குள் பணம் கட்டு என்று கெடு வைத்தது. அந்தக் கணினி இணைந்திருந்த நெட்வொர்க் டிரைவ்களையும் விடவில்லை. இதில் எந்த இடத்திலும் அதற்கு அட்மின் உரிமை தேவைப்படவில்லை! பயனர் தன் கோப்பை மாற்றுகிறார் என்றே இயங்குதளம் புரிந்துகொண்டது. விதிப்படி அது சரியும்கூட. 2014-இல் பல நாட்டுக் காவல் துறைகள் சேர்ந்து அதன் வலையமைப்பைக் கைப்பற்றிய பிறகுதான் சிலருக்காவது திறவுகோல் இலவசமாகக் கிடைத்தது.

உலாவியின் கதை இன்னும் கவலைக்குரியது. ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்தால் மறுநாள் கடவுச்சொல் கேட்பதில்லை. குக்கி என்ற சிறு அடையாளத் துண்டு கணினியில் தங்கியிருப்பதே காரணம். அந்தத் துண்டை நகலெடுத்தவர் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் இல்லாமலே உள்ளே நுழையலாம். விண்டோஸில் இவற்றைச் சங்கேதப்படுத்தியே வைக்கிறார்கள். ஆனால் திறவுகோல் பயனரின் பெயரில் இருக்கிறது. அதே பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும் விண்டோஸ் திறந்து கொடுத்துவிடும். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற கனடா யூடியூப் சேனலைத் திருடர்கள் கைப்பற்றியது இப்படித்தான். விளம்பர வாய்ப்பு என்ற பெயரில் வந்த ஒரு கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார். உலாவியின் அடையாளத் துண்டுகள் போயின. கணினியைப் பற்றியே நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கே இந்த நிலை. 2024-இல் கூகுள் தன் குரோம் உலாவியின் 127-ஆம் பதிப்பில் இந்தத் திறவுகோலைப் பயனரிடமிருந்து எடுத்து, உச்ச அதிகாரத்தில் ஓடும் ஒரு சேவையிடம் கொடுத்தது. கேட்பது குரோம்தானா என்று அந்தச் சேவை சரிபார்க்கிறது.

சில எல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவரிலேயே ஓட்டை இருப்பதுண்டு: லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு ரூட் அதிகாரம் தரும் சூடோ என்ற வாயிற்காப்பாளர் நிரலில், தகுதி இல்லாதவருக்கும் கதவைத் திறந்துவிடும் பிழை ஒன்று 2011 முதல் கிடந்து 2021 ஜனவரியில்தான் வெளிப்பட்டது. லினக்ஸின் பழைய திரை அமைப்பில் ஒரே திரையில் ஓடும் எந்த நிரலும் மற்றொன்றில் தட்டப்படும் எழுத்துகளைக் கவனிக்க முடியும். ரூட் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். அதற்கு மாற்றாக வந்த வேலண்ட் இதைத் தடுக்கிறது. மற்றொன்று, கணினியே கைமாறினால் நேர்வது. 640, 600 எல்லாம் அந்த இயங்குதளம் ஓடும்வரைதான். ஒரு பென்டிரைவில் வேறு லினக்ஸைப் போட்டு அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் அங்கே திருடனே ரூட். டிஸ்க் முழுவதையும் சங்கேதப்படுத்தாத கணினியில் எல்லாருடைய கோப்பும் அவனுக்குத் திறந்த புத்தகம்.

ஒருவர் இயக்கும் எந்த நிரலும் அவர் கோப்புகளையெல்லாம் தொடலாம் என்ற சிக்கலுக்கு நல்ல விடை ஒன்று பலருடைய சட்டைப்பையிலேயே இருக்கிறது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போனை வடிவமைத்தவர்கள் யூனிக்ஸின் பயனர் எண்ணை எடுத்துத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். போனை வைத்திருப்பவர் ஒருவர்தான். ஆகவே எண்களை ஆட்களுக்குத் தராமல் செயலிகளுக்குத் தந்தார்கள். நிறுவப்படும் ஒவ்வொரு செயலிக்கும் 10000-இல் தொடங்கும் ஒரு பயனர் எண். வங்கிச் செயலி ஒரு பயனர், விளையாட்டு இன்னொரு பயனர். எம்.ஐ.டி. மாணவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் காத்த அதே விதி இங்கே செயலியைச் செயலியிடமிருந்து காக்கிறது. கோப்பு, கேமரா, தொடர்பு எண்கள் என்று எது வேண்டுமானாலும் கேட்டுத்தான் பெற வேண்டும். கணினிப் பாதுகாப்பில் இதைவிடச் சிறந்த மறுபயன்பாட்டைக் காண்பது அரிது.

கேட்டதும் கொடுத்துவிட்டால் அதுவும் பயன்படாது. 2024-இல் இந்தியாவில் காவல் துறையினர் எச்சரித்த 'திருமண அழைப்பிதழ்' மோசடியில் வாட்ஸ்அப் வழியே வந்தது, ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஒரு ஏ.பி.கே. கோப்பு. அதை நிறுவி, குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியையும் கொடுத்தவர்களின் ஓ.டி.பி. திருடர்களுக்குப் போனது.

மேசைக் கணினிகளும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகின்றன. 2019-இல் வந்த மேக் கேட்டலினாவில் ஒரு செயலி முதன்முறை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் கோப்புறைகளுக்குள் நுழைய முயலும்போது பயனரிடம் கேட்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2017 முதல் இதையொத்த கோப்புறைக் காவல் இருக்கிறது. பயனர் தேடிப்போய் இயக்கினால்தான் வேலை செய்யும் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இது இயல்பாகவே இயங்கியிருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் இழக்கக்கூடாதது அவருடைய கோப்புகளைத்தான். அதைக் காக்கும் வசதியை மெனுவுக்குள் ஒளித்து வைப்பது நியாயமில்லை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. பேக்கப் டிஸ்க்கை நகல் எடுக்கும்போது மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி அலமாரியில் வையுங்கள்; செருகியே கிடக்கும் டிஸ்க் உங்கள் பெயரில் ஓடும் எல்லா நிரல்களுக்கும் திறந்திருக்கும். மடிக்கணினியாக இருந்தால் டிஸ்க்கைச் சங்கேதப்படுத்தும் வசதியை, அதாவது விண்டோஸில் பிட்லாக்கரையோ அதன் எளிய வடிவத்தையோ, மேக்கில் ஃபைல்வால்ட்டையோ இயக்கி, மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கணக்கைப் பிரிப்பதில் ஒரு சுலபமான வழி உண்டு. பலர் புதிதாக ஒரு சாதாரணக் கணக்கு திறந்து, பழையதிலிருந்து எல்லாவற்றையும் அங்கே மாற்ற முயன்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதைத் திருப்பிச் செய்யுங்கள். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் புதிய கணக்கொன்றைத் திறந்து, அதற்கு அட்மின் உரிமையும் நல்ல கடவுச்சொல்லும் கொடுங்கள். அதில் ஒருமுறை நுழைந்து, இத்தனை நாள் பயன்படுத்திய பழைய கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள். படம், ஆவணம், உலாவி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். எதையும் நகர்த்த வேண்டாம். பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கணக்கு கொடுத்து, அட்மின் கடவுச்சொல்லை வீட்டில் பெரியவர் இருவர் மட்டும் தெரிந்து வைத்திருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.